தப்பும் ஒலிபெருக்கியும்: மலைநாட்டுத் தோட்டங்களில் ஒலியும் இடமும்

ஒரு கட்டடத்தின் சிறப்பைக் கண்ணாற் கண்டு போற்றுவோர் பலர். செவியால் அதனை அளந்தறிவோர் மிகச் சிலர். தூணின் வேலைப்பாட்டைப் புகழும் நாவு, அத்தூண்களின் நடுவே நின்று ஒருவர் பேசினால் அப்பேச்சு கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெளிவாய்க் கேட்குமா என்று வினவுவதில்லை. இவ்வினாவை அறிவியல் முறையில் முதன்முதல் எழுப்பி விடை கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வொலஸ் சபைன் ஆவர். அப்பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் ஆசிரியர் கூறும் சொல் ஒன்றும் விளங்காதிருந்தமையால், அதன் காரணத்தைக் கண்டறியுமாறு 1895 ஆம் ஆண்டில் அவர் பணிக்கப்பட்டார். ஊர் உறங்கிய பின் ஓர் ஓர்கன் குழலையும் காலம் அளக்கும் கருவியையும் வைத்துக்கொண்டு, அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பியும் அகற்றியும், ஒலி அடங்கும் நேரத்தை இரவிரவாக அளந்தார். அவர் கண்ட உண்மை எளியது. ஒரு கூடத்தில் எழும் ஒலி அடங்க எடுக்கும் நேரம் அக்கூடத்தின் கொள்ளளவு பெருகப் பெருகும். ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகக் குறையும். 1900 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பொஸ்டன் நகரத்து இசை மண்டபம் இவ்விதியை முன்வைத்து எழுந்த முதற் கட்டடமாகும்.

சபைனின் விதி சுவரும் கூரையும் உடைய மக்களுக்கு உரியது. கூடுவதற்கு ஒரு மண்டபமே இல்லாத மக்கள் தம் குரலை ஒருவர்க்கொருவர் எவ்வாறு சேர்ப்பித்தனர் என்ற வினாவுக்கு அவ்விதியில் விடையில்லை. அவ்விடையைத் தேடுவோர் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை நோக்குதல் தகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கே ஒரு சமூகம் திறந்த வெளியையே மண்டபமாகவும், மலைச்சரிவையே சுவராகவும் கொண்டு கேட்டும் பேசியும் வாழ்ந்திருக்கின்றது.

கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையிற் காணப்பட்டது 1869 இல். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1884 இல் புகைவண்டிப் பாதை ஹட்டனை அடைந்தது. அடுத்த ஆண்டு நானுஓயாவைத் தொட்டது. கோப்பிக்கு அறுவடைக் காலம் ஒன்றுண்டு; அறுவடை முடிந்ததும் தமிழகத்துக்கு மீள்வோர் பலராயிருந்தனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே வந்தவர் தங்கினர். தங்கியவர்க்கு இருப்பிடம் வேண்டியதாயிற்று. அவ்விருப்பிடமே லயம்.

தோட்டத்தின் அமைப்பைச் செவியின் வழி நோக்கினால், கண்ணுக்குப் புலப்படாத ஒழுங்கு ஒன்று தோன்றும். துரையின் பங்களா மேட்டில் நிற்கும். தொழிற்சாலை நீரோட்டத்தை அண்டி நிற்கும். லயங்களோ தேயிலைக்கு உதவாத பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் கிடக்கும். மேட்டிலிருப்போர்க்குக் காற்றும் காட்சியும் மட்டுமன்றி அமைதியும் உரித்தாயிற்று. லயத்திலோ 10 அடிக்கு 12 அடி என்னும் அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்டன. இரட்டை லயங்களில் ஒரு வரிசை அறையின் பின்சுவரே மறுவரிசை அறைக்கும் பின்சுவர். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர்கள் கூரையைத் தொடும்வரை எழுப்பப்படவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் இடையே விடப்பட்ட வெளி, புகை போவதற்கு உதவியது போலவே சொல் போவதற்கும் உதவியது. முதலாம் காம்பராவிற் பிறந்த குழந்தையின் அழுகை கடைசிக் காம்பராவில் உறங்குவோனை எழுப்பும். கணவன் மனைவியர் பூசலும், நோயாளியின் இருமலும், கடன்காரனின் வசையும் அவரவர்க்கு மட்டும் உரியனவாய் இருந்ததில்லை. கண்ணுக்குப் பன்னிரண்டு அறைகளாகத் தோன்றிய கட்டடம் செவிக்கு ஒரே அறையாயிருந்தது. வீட்டு வசதியைப் பற்றி எழுதிய அறிக்கைகள் அறையின் நீள அகலத்தையும் கூரையின் ஒழுக்கையும் கணக்கிட்டன. அவ்வறைகளில் இரகசியம் பேச இடமில்லை என்பதை எந்த அளவுகோலும் கணக்கிடவில்லை.

தகரக் கூரையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஹட்டனும் அதனை அடுத்த வட்டவளையும் தென்மேற்குப் பருவமழை முழுவேகத்துடன் மோதும் இடங்கள். அம்மழை தகரத்தில் விழும்போது, ஒரே அறையில் அமர்ந்திருப்போரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேளார். ஆக, மழையில்லா இரவில் அயலார் அனைவரும் கேட்பர். மழையிரவில் அருகிருப்பாரும் கேளார்.

இவ்வளவு நெருங்கியும் சிதறியும் கிடந்த மக்களை நாள்தோறும் ஒரே வேளையில் எழுப்பி ஒரே இடத்திற் சேர்ப்பது தோட்ட நிருவாகத்தின் முதற் கவலையாயிருந்தது. அதற்கு அது கையாண்ட கருவி தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துப் பொருத்தி, மெல்லிய நீண்ட குச்சி ஒன்றாலும் குறுகிய தடித்த குச்சி ஒன்றாலும் அறையப்படும் இப்பறை, தமிழகத்திலிருந்து தொழிலாளருடன் கடல் கடந்து வந்தது. விடியுமுன் லயங்களருகே அது முழங்கும். அம்முழக்கங்கேட்டு எழுந்தோர் கொழுந்துக் கூடையையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு விரைவர். ஆங்கு பேர் போடப்படும். பிந்தியவர்க்குப் பேரில்லை, பேரில்லையெனில் அன்றைய கூலி இல்லை. ஆகவே தப்பின் ஒலி ஒரு லயத்துக்கு எட்டாமற் போவது பல குடும்பங்களின் அடுப்பைப் பாதிக்கும் செய்தியாகும். ஸி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் பாடிய தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியலின் தொடக்கம் பறையொலியாகவே அமைந்தது தற்செயலன்று.

அவ்வொலி எட்டியதற்குத் தப்பின் வலிமை மட்டும் காரணமன்று. வேளையும் இடமும் துணை நின்றன. இரவில் மலைச்சரிவுகளிற் குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கிப் பள்ளங்களிலே தேங்கும். அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெம்மை மிகுந்த காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஆதலின் மேலே செல்லும் ஒலியலையின் மேற்புறம் முந்த, கீழ்ப்புறம் பிந்த, அலை வளைந்து மீண்டும் பள்ளத்தை நோக்கியே இறங்கும். நண்பகலில் இந்நிலை தலைகீழாக மாறும். வெயிலிற் காய்ந்த நிலத்தை அடுத்த காற்று வெப்பமுற, ஒலி மேனோக்கி வளைந்து வானிற் போய் மறையும். விடியற்காலையில் அடுத்த மலையிலும் கேட்கும் தப்பு, நண்பகலில் அடுத்த மலைக்கும் எட்டாமற் போவது இதனாலேயே. பனிமூட்டம் ஒலியை விழுங்கிவிடும் என்பது பலர் கொண்ட எண்ணம். அயர்லாந்து அறிஞர் ஜோன் டின்டல் 1873 இலும் 1874 இலும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஊதுகுழல்களையும் பீரங்கிகளையும் கொண்டு செய்த சோதனைகள் அவ்வெண்ணம் தவறென நிறுவின. மூடுபனி ஒலியைத் தடுப்பதில்லை. கண்ணுக்குப் பத்தடி தெரியாத மலைநாட்டுக் காலையில் செவிக்குத் தப்பு தடையின்றி வந்தது.

தப்பின் அமைப்பிலும் பொருத்தம் உண்டு. அடிக்குமுன் அதனைத் தீயிற் காய்ச்சுவர். ஈரக்காற்றில் தளர்ந்த தோல் நெருப்பின் வெம்மையில் இறுகி, கூர்மையான உயர்ந்த ஒலியைத் தரும். மெல்லிய குச்சியின் அறை, திடீரெனத் தொடங்கித் திடீரென முடிவது; ஆதலின் எதிரொலி வந்து கலந்தாலும் அடியின் எண்ணிக்கை குழம்பாது. பிரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என வேறுபட்ட அடிகளைக் கேட்டமாத்திரத்தில் மக்கள் இனங்கண்டனர். எல்லாவற்றிலும் மேலாக, தப்பு ஓரிடத்தில் நிலைத்து நின்று முழங்குவதன்று, நடந்து செல்வது. அடிப்பவன் ஒரு லயத்தின் முன் நின்றடித்து, படியிறங்கி, ஓடை தாண்டி, அடுத்த லயத்தை அடைவான். தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது திறந்தவெளியின் விதி. ஒலியைப் பெருக்கி அவ்விதியை வெல்வது ஒரு வழி. ஒலியின் பிறப்பிடத்தையே கேட்போர் அருகிற் கொண்டு செல்வது மற்றொரு வழி. தப்படித்தவர் இரண்டாவது வழியை அறிந்திருந்தனர்.

நிருவாகத்துக்காகக் காலையில் முழங்கிய அதே தப்பு, மாசி மாதத்து இரவுகளில் மக்களுக்காக முழங்கிற்று. மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் ஆகிய கதையை ஆடும் காமன் கூத்து மலைநாட்டு மக்களின் தலையாய கலை. அஃது ஆடப்படும் திடலைக் காமன் பொட்டல் என்பர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கிற்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் வகுத்துரைத்தது. கோலுக்கு இருபத்து நான்கு பெருவிரல் அளவு என்றும் விதித்தது. அரசவையின் ஆதரவுள்ள கலைக்கு அளந்தமைத்த அரங்கு கிடைத்தது. காமன் பொட்டலுக்கோ கோலும் இல்லை, மேடையும் இல்லை. லயங்களை அடுத்த சமநிலமே அரங்கு. சுற்றி நிற்கும் மக்களின் உடலே சுவர். மேட்டுச் சரிவில் அமர்ந்தோர்க்கு முன்வரிசையாரின் தலை மறைக்காமையால், ஒலி நேரே சென்று சேர்ந்தது. கிரேக்கர் குன்றுச் சரிவிற் கல்லடுக்கி அமைத்த அரங்குகளும் இம்முறையினவே. வேறுபாடு கல்லில் மட்டும் உளது. பாடுவோன் ஒரு திசைக்கே பாடாமல் வட்டத்தைச் சுற்றிவந்து பாடுதலும், ஓரடியைப் பலமுறை மடக்கிப் பாடுதலும் கலைக்குறை அல்ல. எல்லாத் திசையிலும் உள்ளோர் கேட்கவேண்டும் என்னும் தேவையிற் பிறந்த முறைகள் அவை.

இனி அரசியலின் குரலை நோக்கலாம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையை அறிய விரும்பியபோது, தோட்டத்தினுள் நுழைய அவர்க்கு உரிமை இருக்கவில்லை. துரையின் இசைவின்றி உட்புகுவோன் அத்துமீறியவன் ஆவான். ஆகவே புடைவை வியாபாரியாக வேடமிட்டு உட்சென்றார் என்பது மலையக வரலாற்றிற் பலரும் அறிந்த செய்தி. பின்னர் 1931 இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 முதல் அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாயிருந்தார். அவர் மனைவியார் மீனாட்சி அம்மாள் அரசியற் செய்தியைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் சிறு நூல்களாகவும் வெளிவந்தன. உரைநடைப் பேச்சை விடுத்துப் பாட்டை அவர் கைக்கொண்டதற்கு எழுத்தறிவின்மையைக் காரணமாகக் கூறுவர். அது மெய்யே, எனினும் செவியின் காரணமும் ஒன்று உண்டு. பேசும் குரலைவிடப் பாடும் குரல் தொலைவு செல்லும். நீட்டிய உயிரொலி காற்றின் இரைச்சலைக் கடக்கும். அறிந்த மெட்டிற் பாதிச் சொல் கேட்டாலும் மீதியைச் செவி தானே நிரப்பிக்கொள்ளும்.

மனிதனை வேலி தடுக்கும், ஒலியைத் தடுக்காது. தோட்டத்தின் எல்லையோரம் செல்லும் பொதுத்தெருவில் நிற்பவனை எவரும் அத்துமீறியவன் எனக்கூற முடியாது. அங்கு எழும் பாட்டு தேயிலைச் செடிகளைத் தாண்டி லயத்தை அடையுமாயின், அதனைத் தடுக்கும் சட்டம் இல்லை. தோட்ட வாழ்வில் நெடுங்காலம் உரத்த குரல் ஒருபுறத்தார்க்கே உரியதாயிருந்தது. துரையின் கட்டளை, கங்காணியின் அதட்டல், கணக்கப்பிள்ளையின் பேரழைப்பு, தொழிற்சாலையின் சங்கு ஆகியன யாவும் மேலிருந்து கீழிறங்கிய ஒலிகள். கீழிருந்து மேலெழும் ஒலிக்கு ஒரு கருவி தேவைப்பட்டது.

அக்கருவியின் கதை கடலுக்கப்பால் தொடங்கிற்று. 1915 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹம் என்னும் இருவர், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளோடு ஒரு தகட்டை இணைத்து, அதன் முன் ஒரு குழலைப் பொருத்தி மனிதக்குரலைப் பெருக்கிக் காட்டினர். 1919 இல் அமெரிக்கச் சனாதிபதி வில்சன் சான் டியேகோ நகரில் இக்கருவியின் துணையுடன் பல்லாயிரவர்க்கு உரையாற்றினார். 1925 இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்போர் குழலின்றிக் காகிதக் கூம்பைக் கொண்டே ஒலியெழுப்பும் அமைப்பை வகுத்தனர். வீட்டு வானொலிப் பெட்டிகள் இப்பின்னதன் வழித்தோன்றல்கள். கோயிற் கூரையிலும் மரக்கொம்பிலும் கட்டப்படும் கூம்புக்குழல் முன்னதன் வழித்தோன்றல். இலங்கையில் அதே 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கொழும்பு வானொலி நிலையம் தொடங்கிற்று. ஒலிபெருக்கியும் வானொலியும் ஏறக்குறைய உடன்பிறந்தோராகவே இந்நாட்டுக்கு அறிமுகமாயின.

குழலின் தொழில் யாது? சிறிய தகடு ஒன்று காற்றில் அசைந்தால், காற்று இடங்கொடுத்து விலகிவிடும். தகட்டின் உழைப்பிற் பெரும்பகுதி வீணாகும். வெறுங்கையால் நீரை அறைபவனுக்கும் துடுப்பால் தள்ளுபவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. ஒடுங்கித் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழல், தகட்டின் சிறிய வலிய அசைவை வாயிலில் உள்ள பெரிய காற்றுப்பரப்பின் மெல்லிய அசைவாக மாற்றித் தருகின்றது. இதனாற் கூம்புக்குழல் தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலில் ஒலியாக மாற்றும் பங்கு, காகிதக் கூம்பு மாற்றுவதைவிடப் பன்மடங்காகும். மின்கம்பி எட்டாத லயங்களில், மோட்டார்வண்டி பற்றரி ஒன்றைக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கையே நிரப்ப வேண்டியவர்க்கு இதனினும் ஏற்ற கருவி பிறிதில்லை. லக்ஷபான நீர்மின் திட்டம் 1950 இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. தோட்டங்களை ஊடறுத்தோடும் நீரே அம்மின்சாரத்துக்கு மூலம்; அதன் கம்பிகள் லயங்களுக்கு மேலாகக் கொழும்புக்குச் சென்றன. லயங்கள் பலவற்றில் விளக்கு எரிவதற்கு அதன்பின் பல பத்தாண்டுகள் கழியவேண்டியிருந்தது.

ஆனால் குழலுக்குக் குறையும் உண்டு. அதன் வாயின் சுற்றளவு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு அலைநீளமுள்ள ஒலிக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளை அது வெளிவிடாது. அரை மீற்றர் வாயகலமுள்ள குழல், நொடிக்கு ஏறத்தாழ 200 அதிர்வுக்குக் கீழுள்ளவற்றைப் பெரும்பாலும் இழந்துவிடும். ஆடவர் குரலின் அடித்தொனி இவ்வெல்லைக்குக் கீழேயே உள்ளது. ஆகவே குழலின்வழி வரும் பேச்சு மூக்கொலியாகவும் தகரவொலியாகவும் கேட்கின்றது. நாகசுரம் ஓங்கி ஒலிக்க, தவிலின் தொப்பிப்புறத்துக் கும்கி மறைந்துபோவதும் இதனாலே. எனினும் சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துக்கள் உயர்ந்த அதிர்வுகளில் இருத்தலின், அழகு இழந்தும் பொருள் தப்பிற்று. அரசியற் கூட்டத்துக்கு அதுவே போதியதாயிருந்தது.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்குச்சீட்டை இழந்த மக்களுக்குத் தம் எண்ணிக்கையைப் பிறர்க்கு உணர்த்தும் வழிகளுள் பொதுக்கூட்டம் தலையாயதாயிற்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் திடல்களும் தெருக்களும் மேதினத்திலும் வேலைநிறுத்தக் காலங்களிலும் அவர்தம் பேரவையாயின. தமக்கென மண்டபம் இல்லாதவர்க்கு ஒலிபெருக்கியே மண்டபமாயிற்று எனின் மிகையன்று. குழலின் ஒலி எட்டும் எல்லையே அம்மண்டபத்தின் சுவர்.

அம்மண்டபத்தைக் கட்டியவர்கள், அஃதாவது குழலை எங்குக் கட்டுவது, எத்திசை நோக்கித் திருப்புவது என முடிவு செய்தவர்கள், சபைனின் பெயரையும் அறியாத ஸ்பீக்கர்க்காரர்கள். அவர்கள் செய்த பிழை பெரும்பாலும் ஒன்றே. ஒலி தொலைவு செல்லவேண்டும் என்று குழலை உயரத்திற் கட்டி எதிர்மலையை நோக்கித் திருப்பிவிட்டனர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். எதிர்மலை 170 மீற்றர் தொலைவில் இருக்குமாயின், சென்ற ஒலி மீண்டுவர ஒரு நொடி ஆகும். ஒரு நொடியிற் பேச்சாளர் நான்கைந்து அசைகளைச் சொல்லிவிடுகின்றார். ஆகவே ஐந்தாம் அசையோடு முதலசை வந்து மோதும்; கேட்பவர் செவியில் இரண்டு பேச்சாளர் ஒருங்கே பேசுவர். கண்ணிமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வகுத்த இலக்கணிகள் வாழ்ந்த மொழியில், மாத்திரை மேல் மாத்திரை ஏறி மயங்கும் இப்பேச்சை யாரும் அளந்து பார்க்கவில்லை. தெளிவு குறைந்தபோது விசையைத் திருப்பி ஒலியைக் கூட்டினர். கூட்டிய அளவுக்கு எதிரொலியும் கூடிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் இலண்டன் நகரத்துப் புனித பவுல் பேராலயம் இத்தகைய இடர்ப்பாட்டில் இருந்தது. அதன் மாடத்தினுள் எழுந்த ஒலி அடங்கப் பத்து நொடிக்கு மேலாகும். 1950 ஐ அடுத்த ஆண்டுகளில் பார்க்கின், டெய்லர் என்னும் ஆய்வாளர் இருவர் அங்கு ஒலிபெருக்கி அமைத்தபோது, பெருங்குழலை விடுத்து, சிறு கூம்புகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய நெடும்பெட்டிகளைக் கையாண்டனர். அவ்வடுக்கு ஒலியை மேலும் கீழும் சிதறவிடாது கேட்போர் இருக்கும் தளத்துக்கே அனுப்பும். தொலைவிலுள்ள பெட்டிகளிலிருந்து வரும் ஒலியைச் சிறிது தாமதப்படுத்தியும் விட்டனர். முதலில் வரும் ஒலியையே செவி மூலமாகக் கொள்ளும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949 இல் கண்டறிந்த உண்மை அதற்கு அடிப்படை. உரத்த ஒன்றினும் மெல்லிய பல சிறந்தன; ஒலியைப் பெருக்குவதினும் அதனைக் கேட்போர் அருகிற் சேர்ப்பது சிறந்தது. இம்முடிவுக்கு அறிவியலார் அரை நூற்றாண்டு ஆய்வின்பின் வந்து சேர்ந்தனர். லயத்துக்கு லயம் நடந்து சென்று தப்படித்தவன் நாள்தோறும் செய்தது இதுவே.

அத்தப்பு என்னாயிற்று என்னும் வினா எளிதில் விடை பெறாதது. ஒலிபெருக்கி அதனை ஒழித்தது என்று கூறுதல் பாதி உண்மையே. தப்படித்தல் ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட கடமையாயிருந்தது; பிறர் வீட்டுச் சாவுக்கும் துரையின் பிரட்டுக்கும் மறுக்கவொண்ணாது அடிக்கவேண்டியவர்கள், அக்கடமையினின்று நீங்கியதை விடுதலையாகவே கொண்டனர். கல்வி பெற்ற இளைஞர் பலர் தம் தந்தையர் தப்பைத் தொட மறுத்தனர்; அம்மறுப்பிற் குறைகாண யாருக்கும் தகுதியில்லை. ஆயினும் கோயில் விழாவில் திரைப்பாடல் குழலின்வழி முழங்கத் தொடங்கியபோது ஒதுக்கப்பட்டது சாதி அன்று, கலையே. சாதி வேறிடங்களில் நலமே வாழ்ந்திருந்தது. பின்னைநாளில் தப்பை இழிவின் அடையாளமாகவன்றித் தம் வரலாற்றின் அடையாளமாகக் கையிலெடுக்கும் இளைஞரும் கலைக்குழுக்களும் தோன்றியிருத்தல் இக்கதையின் புதிய திருப்பம்.

பெருங்குழலும் லயத்தின் சுவரும் சந்தித்த இடத்தில் வேறொரு துன்பமும் விளைந்தது. இடைச்சுவர் கூரையைத் தொடாத கட்டடத்தில், முன்முற்றத்து மரத்திற் கட்டிய குழலிலிருந்து தப்பியோட இடமில்லை. சடங்கு வீட்டு மகிழ்ச்சி பன்னிரண்டு காம்பராவுக்கும் பொது. அவற்றுள் ஒன்றிற் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் இருப்பான், மற்றொன்றில் நோயாளி இருப்பான். தோட்டப் பிள்ளைகளின் கல்வித்தாழ்வுக்குக் காரணம் தேடுவோர் ஆசிரியர் பற்றாக்குறையையும் வறுமையையும் சுட்டுவர். அவையே பெரிய காரணங்கள். அமைதியின்மையும் அப்பட்டியலின் கடையிலேனும் இடம்பெறத் தக்கது. பங்களாவுக்கு அமைதியை வழங்கிய கட்டடக்கலை லயத்துக்கு அதனை வழங்கவில்லை.

2007 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி பற்றிய தீர்ப்பொன்றை வழங்கிற்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பது அதன் பொதுவிதி. சிறப்பான சமய நிகழ்ச்சிகளுக்கு விலக்குண்டு. வழக்கு தெற்கே கரையோர நகரொன்றில் எழுந்தது. விதியோ நாடு முழுவதற்கும் உரியது. மலைநாட்டில் அது இருமுனை உடையது. உறங்கவேண்டிய தொழிலாளிக்கும் படிக்கவேண்டிய மாணவனுக்கும் அது காவல். விடிய விடிய ஆடப்படும் காமன் கூத்துக்கும் அர்ச்சுனன் தபசுக்கும், ஆண்டுதோறும் அனுமதி கேட்டு நிற்கவேண்டிய நிலையை அது உண்டாக்கிற்று. ஒலிபெருக்கி இல்லாதிருந்த காலத்தில் இக்கூத்துக்கள் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும். ஒலிவாங்கி வந்தபின், வட்டமாகச் சுற்றிவந்து பாடியவன் கம்பியின் நீளத்துக்குட்பட்டு ஓரிடத்தில் நிற்கலானான். அவன் முதுகுப்புறத்தார்க்கு அவன் முகம் தெரியாமற் போயிற்று.

2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மலையக மக்களின் பெருங்கூட்டத்தில் உரையாற்றியபோது, முன்னர் உறுதியளித்த 4,000 தனிவீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என அறிவித்தார். அவ்வாறு எழும் வீடுகளில் ஒரு வீட்டின் சுவர் மறுவீட்டின் சுவரன்று. இரண்டுக்கும் இடையே வெளி உண்டு. மூன்று நான்கு தலைமுறை ஒரே கூரையின்கீழ் அயலாரின் மூச்சைக் கேட்டு வாழ்ந்த குடும்பங்கள், அவற்றிற் குடிபுகுந்து கதவைச் சாத்தும்போது, தம் பேச்சு தமக்குள் நிற்பதைக் கேட்கின்றன. தனிவீடு கிடையாதோர் இன்னும் பலர். அவர்தம் லயங்களின் மேலே, மாரியம்மன் கோயிற் கூரையில், பெருங்குழல் எதிர்மலையை நோக்கியபடியே இருக்கின்றது. மாசி பிறந்ததும் கீழே காமன் பொட்டலிற் சிறு தீ மூட்டி, பனியில் தளர்ந்த தோலைக் காய்ச்சத் தொடங்குவர்.